மாமனின் தகர டப்பா

என் தாய்மாமன் வைத்திருந்த தகர டப்பா ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. பிஸ்கட் டப்பா. மூடியில் இருந்த படத்தைத் துரு தின்றுவிட்டது. உள்ளே நூற்றுச் சொச்சம் ரயில் டிக்கெட்டுகள். இப்போது தருகிற மெல்லிய காகிதம் அல்ல, பழைய கெட்டி அட்டை டிக்கெட்டுகள். அவற்றில் ஒன்றுகூட மாமன் பயணம் போன டிக்கெட் கிடையாது. தண்டவாளத்தில் கிடந்ததைப் பொறுக்கி, கழுவி, காயவைத்துச் சேர்த்தவை.

மாமன் சென்னையில் ஒரு பெரிய ரயில் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகத் தண்டவாளம் கழுவினார். எந்த நிலையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஒரு நிலையத்தோடு கதை முடிந்துவிடும். 'நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்' என்று பெட்டிக்குள் எழுதியிருப்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு யாரும் கேட்கவில்லை என்பதற்கு என் மாமன் இருபத்தைந்து வருஷம் சாட்சி.

பொங்கலுக்குத்தான் எருமப்பட்டிக்கு வருவார். வந்ததும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தால், "குளிச்சுட்டு வாரன் சாமி, அப்பறம் தூக்கறன்" என்று விலகுவார். எத்தனை குளித்தாலும் பினாயில் வாசம் போகாது. ராத்திரி விளக்குக்குக் கீழே டப்பாவைத் திறந்து டிக்கெட்டுகளை வரிசையாக வைப்பார். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, மொரப்பூர், பொம்மிடி. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்து அட்டையில் அல்ல, அந்த அட்டைகளில். மாமனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் படிக்கப் படிக்க, "அப்பிடியா? இது மொரப்பூரா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ரயிலே வராத ஊரில் ஒரு சக்கிலியப் பையன் ரயில் நிலையங்களின் பெயரை வரிசை மாறாமல் ஒப்பிப்பான் என்று தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது.

பல வருஷம் கழித்து இந்த டப்பாவை மறுபடியும் இறக்கித் துடைக்க வைத்தது ஒரு விளையாட்டு.

நாங்கள் நடத்தும் மாலைப் பாடசாலைக்குத் தோழர் ஒருத்தர் வந்திருந்தார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பெண். கைபேசியைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டைச் சொல்லித் தந்தார். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லாருக்கும் அறிவிப்பார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற பொருளில் ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான மதிப்பிலோ கூடுதல் மதிப்பிலோ இன்னொன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

இது பிறந்த கதையும் சுவாரசியமானது. அமெரிக்க ராணுவம் தன் செயற்கைக்கோள்கள் தருகிற இடக்குறிப்பில் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000ஆம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசு அந்தப் பிழையை நீக்கியது. உடனே, மே 3ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் ஒளித்துவைத்து எண்களை அறிவித்தார். வாளிக்குள் ஒரு நோட்டு, பென்சில், சில்லறைச் சாமான்கள், ஒரு டின் அவரையும்கூட. இன்றைக்கு உலகம் முழுக்க முப்பது லட்சம் டப்பாக்களுக்கு மேல் ஒளிந்திருக்கின்றன. இதற்கும் முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற ஆளரவமற்ற மேட்டு நிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். நானும் வந்தேன் என்று ஒரு பெயரை விட்டுப்போகிற ஆசை மனுசனுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. பெயரை எழுதி வைக்க எல்லாருக்கும் இடம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

விளையாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. விளையாடாதவர்களின் கண்ணில் படாமல் டப்பாவை எடுத்து வைக்க வேண்டும். அப்படிப்பட்ட வெளியாட்களுக்கு ஆரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த 'மகிள்' என்ற சொல்லைச் சொல்வார்களாம். தோழர் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

இரண்டு நாளில் விளங்கியது. பழகிப் பார்க்கலாம் என்று பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சாலையோரப் புளியமர வேர்ச்சந்தில், ஒரு சோப்பு டப்பாவை வைத்தோம். தேடப் போனவன் ஒன்பதாவது படிக்கிற பையன். குனிந்து வேருக்கு அடியில் கையை விட்டிருக்கிறான். பைக்கில் வந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள்.

"யாரு பையன்டா நீ? என்னத்தடா தேடற?"

"வெளையாட்டுங்க."

"என்னடா வெளையாட்டு? இந்தப் போனு யாருதுடா?"

"அக்காளுதுங்க."

"எந்தத் தெருடா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். நானும் தோழரும் போய்ப் பேசித்தான் வாங்க வேண்டியிருந்தது. அவர் பேசிய ஆங்கிலத்துக்குப் போன் கிடைத்தது, என் தமிழுக்கு அல்ல. எம்.ஏ. தமிழ் என்று நான் சொல்லியும் பார்த்தேன். பையன் அழவில்லை. திரும்பி வரும்போது ஒன்று மட்டும் கேட்டான்: "ஏனுங்ண்ணா, யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு சொன்னீங்களே, அது நமக்கு எப்பிடிங்ண்ணா முடியும்?"

அந்த இரவு பிள்ளைகளுக்கு மசூர் ரயில் நிலையத்தின் கதையைச் சொன்னேன். 1901. அம்பேத்கருக்கு ஒன்பது வயது. அப்பா கோரேகாவில் வேலையாக இருந்தார். கோடை விடுமுறைக்கு அவரிடம் போக, அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் ரயிலேறி மசூரில் இறங்குகிறார்கள். புதுச்சட்டை, சரிகைத் தொப்பி. அழைத்துப்போக யாரும் வரவில்லை. கடிதம் போய்ச் சேரவில்லை. நிலைய அதிகாரி அக்கறையாக விசாரிக்கிறார், உடையைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து. யார் நீங்கள் என்று கேட்கிறார். மகர்கள் என்று குழந்தை உண்மையைச் சொல்கிறது. அவர் முகம் மாறுகிறது, அறைக்குள் போய்விடுகிறார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் ஒப்புக்கொள்கிறான், ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். கையில் சோறு இருந்தும் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்த ராத்திரி பட்டினி. இதை அம்பேத்கரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

மசூரில் கேட்டதும் புளியமரத்தடியில் கேட்டதும் ஒரே கேள்விதான் என்று பையன் உடனே பிடித்துக்கொண்டான். நான் சொல்லித் தரவில்லை.

"அப்பன்னா ஒரு ரயில்வே ஸ்டேசன்லயே போயித் தேடலாமுங்ண்ணா" என்று ஆரம்பித்தது ஒரு பெண்பிள்ளை. அடுத்த மாதம் சென்னையில் ஒரு மாநாடு இருந்தது. எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். மறுநாள் காலையை ராயபுரத்துக்கு ஒதுக்கினோம்.

ஏன் ராயபுரம்? சென்ட்ரல் 1873இல் வந்தது, எழும்பூர் நிலையம் 1908இல். ராயபுரம் அவற்றுக்கெல்லாம் மூத்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரை, ஓடியது. மும்பையிலும் தானேயிலும் 1853இல் இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. இந்தத் துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையம் இதுதான். அந்தப் பாதை நீண்டு சேலத்தைக் கடந்து 1862இல் போத்தனூரைத் தொட்டது. சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அந்த ஐம்பது கிலோமீட்டரைக் கடந்து நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013இல். நூற்றைம்பது வருஷம். எங்கள் எருமப்பட்டிக்கு இன்னும் பஸ்தான்.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் புறநகர் வண்டி ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். மீன் வாசமும் துறைமுகத்து இரைச்சலும். வரிசையாகப் பெரிய பெரிய தூண்கள் நிற்கும் நீளமான கட்டடம். இங்கே டப்பா எதையும் நாங்கள் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. 2014 மே 1ஆம் தேதி சென்ட்ரலில் வந்து நின்ற குவாஹாட்டி வண்டியில் குண்டு வெடித்து ஒரு இளம்பெண் செத்துப்போனதை யாரும் மறக்கவில்லை. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கிற இடம். தண்டவாளம், பாலம் மாதிரி சந்தேகம் வரக்கூடிய இடங்களில் பெட்டி வைக்காதீர்கள் என்று அந்த விளையாட்டுக்காரர்களே எச்சரிக்கிறார்கள். அதற்குப் பதில் அவர்களிடம் இன்னொரு வகை இருக்கிறது. எண்கள் இருக்கும், டப்பா இருக்காது. அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, கேட்கப்பட்ட கேள்விக்கு விடை கொண்டுவர வேண்டும். அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

தோழரும் நானும் ஒரு தாளில் கேள்விகள் எழுதியிருந்தோம். முகப்பில் எத்தனை தூண்? எது பழைய சுவர், எது புதுப்பூச்சு? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? தூணை நான்கு பேர் எண்ணினார்கள், நான்கு கணக்கு வந்தது. கடைசிக் கேள்வியை மட்டும் நான் தனியாக எழுதியிருந்தேன்: இந்த நிலையத்தில் வேலை செய்தவர்கள் யார் யார், அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?

முதல் பாதிக்குப் பிள்ளைகள் விடை சொன்னார்கள். கட்டியவர், கல் சுமந்தவர், மண் வெட்டியவர், வண்டி ஓட்டியவர், கொடி காட்டியவர், கூட்டியவர், கழுவியவர். இரண்டாம் பாதிக்கு விடை கிடைக்கவில்லை. முதல் ரயில் விட்டபோது கவர்னர் ஆரிஸ் பிரபு என்பது புத்தகத்தில் இருக்கிறது. சரளைக்கல் கொட்டியவரின் பெயர் இல்லை.

நிழலில் உட்கார்ந்து பேசினோம். ரயில் நம்மவர்களுக்கு என்ன செய்தது என்பது சிக்கலான கேள்வி. பெருமை பேசவும் முடியாது, ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. 1853இல், இங்கே முதல் ரயில் ஓடிய அதே வருஷம், லண்டனில் உட்கார்ந்து மார்க்ஸ் எழுதினார்: ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதி எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்ற பொருளில். ஒரு பாதி நடக்கத்தான் செய்தது. டிக்கெட் வாங்கினால் பெட்டியில் ஏறலாம். ஊரை விட்டு ஓடலாம். என் தாத்தாவுக்குக் கவலை இறைக்கத் தோல்பறி தைப்பதைத் தவிர வேறு வழி இல்லை, மோட்டார் வந்ததும் அதுவும் போயிற்று. மாமனுக்காவது ஓட ஒரு ரயில் இருந்தது. ஆனால் ரயில் இறக்கிவிட்ட இடத்தில் என்ன வேலை கிடைத்தது? தோலை விட்டு ஓடியவன் கையில் விளக்குமாறு கொடுத்தார்கள். சாதியை ரயில் கரைக்கவில்லை, நூறு மைல் தள்ளிக் கொண்டுபோய் இறக்கியது.

உண்ணும் இடத்திலும் அதே கதை. இங்குள்ள ரயில்வே உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று பிரித்திருந்தார்கள். பெரியார் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. நல்லது. ஆனால் அந்த 'மற்றவர்' என்ற பலகைக்குக் கீழே என் தாத்தாவால் உட்கார்ந்து சாப்பிட முடிந்திருக்குமா என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

சட்டத்தையும் சொன்னேன். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இரண்டாவதில் ரயில் தண்டவாளம் என்ற சொல்லே இருக்கிறது. ஆனால் அதே பிரிவில், அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் செய்தால் அவரை மலம் அள்ளுபவராகக் கருதக்கூடாது என்று ஒரு விளக்கமும் இருக்கிறது. கையில் ஓர் உறையை மாட்டிவிட்டால் எண்ணிக்கையிலிருந்து ஆளைக் கழித்துவிடலாம். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்க ரயில்வே காலக்கெடுவோடு திட்டம் போட வேண்டும் என்றது. பெட்டிகளில் இப்போது உயிரிக் கழிப்பறைகள் வந்துவிட்டன, கீழே விழுவதில்லை. மாமன் காலத்தில் விழுந்தது. விழுந்ததை அள்ளியவர்களின் கணக்கு எங்கே?

அந்தக் கணக்கை நான் ஒருமுறை நேரில் தேடிப் போயிருக்கிறேன். 2010. மாமன் செத்து மூன்று வாரம். நான் எம்.ஏ. முதல் வருஷம். பாக்கிக் கூலியும் ஏதாவது உதவியும் கிடைக்குமா என்று கேட்க அத்தையோடு போனேன். நிலையத்தில் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கேள் என்றார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு நீள நோட்டைப் புரட்டினார். தேதி இருந்தது, நடைமேடை எண் இருந்தது. அதற்கு நேரே 'ஆள் 14' என்று இருந்தது. அடுத்த நாள் 'ஆள் 13'. அதற்கடுத்த நாள் மறுபடியும் 'ஆள் 14'. அத்தை அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எங்கூட்டுக்காரரு எதுங்க சாமி?" என்று கேட்டார். அந்த ஆள் பதில் சொல்லவில்லை. 13 என்றிருந்த நாள் மாமன் செத்த நாளுக்கு மறுநாள் என்பதை நான் கவனித்தேன். இருபத்தைந்து வருஷ வேலையில் மாமன் அந்த நோட்டில் தென்பட்ட இடம் அது ஒன்றுதான், இல்லாமல் போன நாளில்.

கொண்டுபோயிருந்த தகர டப்பாவைத் திறந்து காட்டலாமா என்று யோசித்தேன். டிக்கெட்டுகளை வைத்து என்ன நிரூபிப்பது? மூடி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

ராயபுரத்தில் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது யாரும் பேசவில்லை. அந்நேரம், பக்கத்தில் காலி மீன்கூடையோடு வண்டிக்குக் காத்திருந்த ஒரு பாட்டி, வெகுநேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். புளியமரத்தடிப் பையன் சட்டென்று போனைப் பைக்குள் போட்டதை நான் பார்த்தேன்.

"இன்னா நைனா, காலீல இருந்து சுத்தி சுத்தித் தேடினு கீறீங்க? எதுனா தொலைச்சிட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். யார் பையன், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பையன்தான் பதில் சொன்னான்: "இங்க வேலை செஞ்சவங்க பேரைத் தேடறமுங்க பாட்டி."

பாட்டி சிரித்தார். "அத்த எவன் எயுதி வெச்சான்? எங்க ஆயா இங்கதான் கூடை எறக்கும். எங்கம்மா எறக்குச்சு. நான் எறக்கறேன். எயுதிக்கோ."

விளையாட்டுக்காகக் கொண்டுவந்திருந்த நாற்பது பக்க நோட்டைப் பெண்பிள்ளை எடுத்தது. ஆயா, அம்மா, பாட்டி மூன்று பேர் பெயரையும் செய்த வேலையையும் எழுதியது. பாட்டி கட்டைவிரலில் பேனா மையைத் தடவிப் பக்கத்தில் ஒரு ரேகை வைத்தார். பிறகு எட்டுப் பேரும் தங்கள் தாத்தா பாட்டி பெயரையும் அவர்கள் பார்த்த வேலையையும் எழுதினார்கள். பண்ணையம், செருப்புத் தைத்தல், செங்கல் சூளை, கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை. ஒரு பையனுக்குத் தாத்தாவின் பெயர் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற வசைப் பெயர்தான் தெரியும். அதை எழுத மாட்டேன் என்று இடத்தைக் காலியாக விட்டான். வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதுகிறேன் என்றான். அடுத்த வாரம் எழுதியும்விட்டான். நான் மாமனின் பெயரை எழுதினேன். வேலை என்ற இடத்தில் தண்டவாளம் கழுவுதல் என்று எழுதினேன். 1985 முதல் 2010 வரை.

நோட்டை அங்கே வைக்க முடியாது என்பதால் பெண்பிள்ளைக்கு ஒரு சந்தேகம். "அங்க வெக்காத நோட்டு எப்பிடிங்ண்ணா வெளையாட்டாகும்?"

"ஒளிச்சு வெக்கறது அவங்க வெளையாட்டு. நாம வெளிய வெப்பம்" என்றேன். அப்போதைக்கு வாயில் வந்த பதில். யோசித்துப் பார்க்கும்போது அதுவே சரி என்று படுகிறது. பொழுதுபோக்குக்காக ஒளிந்து விளையாடுகிறவர்கள் விளையாடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் நம்முடையது எல்லாம் ஏற்கனவே ஒளிக்கப்பட்டிருக்கிறது. நமக்குத் தேடுகிற பாதிதான் வேண்டும், ஒளிக்கிற பாதி வேண்டாம்.

டப்பா இப்போது எங்கள் பாடசாலையில் ஜன்னல் மேடையில் இருக்கிறது. டிக்கெட்டுகளும் நோட்டும் அதற்குள். நோட்டின் முதல் பக்கத்தில் ராயபுரத்தின் எண்களும் எருமப்பட்டியின் எண்களும் எழுதியிருக்கின்றன. அத்தை ஒருநாள் வந்து, மாமன் பெயர் இருக்கிற பக்கத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். படிக்கத் தெரியாது. விரலை வைத்து, "இதா? இதுதான் அவுங்க பேரா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

நாற்பது பக்கத்தில் பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. இதைப் படிக்கிற தோழர்கள் நாமக்கல் பக்கம் வந்தால் எருமப்பட்டிக்கு ஒரு நடை வாருங்கள். உங்கள் வீட்டில், எந்த நிலையத்தின், எந்தப் பண்ணையின், எந்த ஆலையின் பேரேட்டிலும் இல்லாத பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். வந்து எழுதிவிட்டுப் போங்கள். பேனா வைத்திருக்கிறோம்.